கதவு மூடாத கம்ப்யூட்டர்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டு இட்லித் தட்டு ஒன்று அடுக்களைக்குத் திரும்பவே இல்லை. என் நாத்தனாரின் லேப்டாப்புக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. குழிகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டைகள் வழியாகக் காற்றுப் போகும், லேப்டாப் சூடாகாது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனும் ஓடும். அப்படியும் சாயந்திரம் நாலு மணிக்கு அதில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருக்கும். அத்தை தினமும் காலையில் மாவைக் கரண்டியில் எடுத்தபடி, "ஏட்டி, அந்தத் தட்டைக் கொண்டா" என்பாள். "அது ஆபீஸ் வேலையா இருக்கும்மா" என்று உள்ளே இருந்து பதில் வரும்.

அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். தீப்பெட்டி ஆலைக்கு இந்த ஊரில் 'ஆபீஸ்' என்று பேர்; மாமாவின் ஆபீஸில் நான் கணக்குப் பார்த்தேன். விளாத்திகுளத்தில் மிளகாய்க் காட்டுக்காரர் வீட்டில் பிறந்து, கோவில்பட்டிக்கு வாழ வந்தவள் நான். வந்த புதிதில் நாத்தனாரும் நானும் ஒருவரையொருவர் மரியாதையாகவே ஒதுக்கி வைத்திருந்தோம். ஒருநாள் அவள் அறை வழியாகப் போகும்போது, திரையில் ஏதோ பந்தய விளையாட்டு; மலைப்பாதையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். கொண்டை ஊசி வளைவு வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. "பிரேக்கப் போடுட்டி!" என்று கத்திவிட்டேன். அதுவரை அவளை நான் 'ஏட்டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. கார் பள்ளத்தில் உருண்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கண்ட்ரோலரை என் பக்கம் நீட்டி, "நீங்க ஓட்டுங்க பாப்போம்" என்றாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பந்தயம். சின்ன வயதில் எங்கள் அப்பாவின் டிராக்டரைக் காட்டுக்குள் ஓட்டியவள் நான். வளைவில் எப்போது மிதிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது காலுக்கே தெரியும். லேப்டாப்புக்குத்தான் தெரியவில்லை. சரியாக வளைவில் திரும்பும்போது படம் உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது கார் தலைகீழாகக் கிடக்கும். மே மாதத்தில் ஒருநாள் அது பாதிப் பந்தயத்தில் தானாகவே அணைந்துவிட்டது. நாத்தனார் அதன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது இனி தேறாது மதினி. நாமளே சாமானெல்லாம் வாங்கிச் சேத்து ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவோமா?" என்றாள்.

"ஒனக்குப் பூட்டத் தெரியுமா?"

"தெரியாது. அதுலதான இருக்கு சந்தோசம்."

கல்யாணம் ஆனதிலிருந்து எதையும் தெரியாமல் தொடங்குகிற சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கவே இல்லை. எல்லாவற்றையும் தெரிந்தவர்கள் சொல்லித்தான் செய்திருக்கிறேன்.

அடுத்த சில நாட்கள் நாங்கள் பேசிக்கொண்டது வீட்டில் யாருக்கும் புரியவில்லை. பார்த்த வீடியோக்கள் அத்தனையிலும் யாராவது ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். மெமரி என்றால் போட்டோ, சினிமா எல்லாம் சேர்த்து வைக்கிற இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது குடோன் மதினி. மெமரின்னா ரேமு. அது நம்ம ஆபீஸ்ல பெட்டி அடுக்குத மேசை. குடோன் எவ்வளவு பெருசா இருந்தாலும் மேசை சின்னதா இருந்தா வேலை ஓடுமா?"

"ஓடாது."

"அதுலயும் ஒரே பெரிய மேசை போடுததுக்குப் பதிலா ரெண்டு மேசை போட்டா?"

"ரெண்டு பக்கமும் கை ஓடும்" என்றேன். எனக்கே புல்லரித்தது. ஒரு பெரிய ரேமுக்குப் பதில் இரண்டு சின்ன ரேம் ஏன் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது. அன்று ஆபீஸில் பெட்டி அடுக்கும் மேசைகளைப் பார்த்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் கவனித்து, "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

இனி மாமாவிடம் அனுமதி வாங்க வேண்டும். தீப்பெட்டித் தொழில் செய்கிறவர்களுக்குச் சூடு என்கிற வார்த்தையே ஆகாது. வீட்டில் ஊதுபத்தி கொளுத்தினால்கூட அது அணைகிறவரை மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ராத்திரிச் சாப்பாட்டில் நாத்தனார் விஷயத்தை எடுத்தாள்.

"சூடாவுமா?" என்றார் மாமா.

"ஆவும்ப்பா. அதைத் தணிக்கதுக்குன்னே தனியா ஒண்ணு மாட்டணும்."

"எவ்வளவு சூடாவும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன். "எம்பது, தொண்ணூறு வரைக்கும் தாங்குமாம்" என்றாள்.

மாமா சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டார். "நான் அங்கன ஒரு குச்சி தானா பத்திக்கிடக் கூடாதுன்னு நாளெல்லாம் காவல் காக்கேன். நீங்க வீட்டுக்குள்ள அடுப்பு வைக்கப் போறீங்களா?"

"அதான் மாமா, நல்ல கூலரா வாங்கப் போறோம்" என்றேன் நான். "ஒண்ணு, தண்ணி ஓடுத கூலரு. இல்லன்னா ஏர் கூலரு."

'ஏர் கூலர்' என்று கேட்டதும் அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏர் கூலரே வாங்குங்க. தண்ணியெல்லாம் வேண்டாம். கரண்டுப் பெட்டிக்குள்ள தண்ணி ஓடுமாம்லா, நல்லாருக்கு கதை."

"கொழாய்க்குள்ளதாம்மா ஓடும், வெளிய வராது."

"மாடி டேங்குக்குக் கொழாய் போட்டவனும் இப்படித்தான் சொன்னான்" என்றாள் அத்தை. சுவரில் அந்தக் குழாய் ஒழுகிய கறை இன்னும் இருந்தது.

கம்ப்யூட்டர் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்தது. கடைக்கார அண்ணாச்சி, முதலில் எங்கள் இருவருக்கும் பின்னால் யாராவது ஆண்பிள்ளை படியேறி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மெமரியா? இன்னைக்கு ரேட்டு என்னன்னு கேட்டுச் சொல்லுதேன் இருங்க. இப்பல்லாம் தங்கம் மாதிரி ஆயிட்டு. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு." போனில் பேசிவிட்டு வந்து, "போர்டுல நாலு எடம் இருக்கு. நாலையும் ரொப்பிருவமா?" என்றார்.

"நாலு போட்டா வேகம் கொறையும் அண்ணாச்சி. ரெண்டு போதும். அதுவும் ஒரே பெட்டியில வந்த ஜோடியா வேணும்" என்றாள் நாத்தனார்.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "நல்லா படிச்சிட்டுத்தான் வந்திருக்கீய." உள்ளே போய் ஒரு பெட்டி கொண்டுவந்து திறந்தார். இரண்டு ரேம். தலையில் சேவல் கொண்டை மாதிரி வெள்ளைத் தகடு. மேஜையில் இருந்த ஒரு போர்டில் சொருகிச் சுவிட்சைப் போட்டார். கொண்டைகள் எரியத் தொடங்கின. சிவப்பு, ஊதா, பச்சை, மஞ்சள் என்று கோவில் கொடை விழாவுக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி ஓடின.

நாத்தனார் என் முழங்கையைப் பிடித்தாள். "மதினி."

"பாத்தேன்."

"இதுதான் மதினி."

கணக்குப் பார்க்கிறவள் என்ற முறையில் நான் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். "அண்ணாச்சி, லைட்டு எரிஞ்சா வேகமா ஓடுமா?"

"லைட்டுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லம்மா. ஆனா பாக்கவுக மனசு ஓடும்" என்றார். அந்த நேர்மைக்காகவே அதை வாங்கினோம்.

கூலரில்தான் சண்டை வந்தது. கடைக்குள் ஆரம்பித்து, மாடிப்படியில் தொடர்ந்து, ஸ்கூட்டியில் வீடு வரை வந்தது. அவளுக்குத் தண்ணீர்க் கூலர் மேல் ஆசை. கறுப்புக் குழாய்கள் வளைந்து போகும் அழகைப் பார்த்தால் எனக்கும் ஆசைதான். ஆனால் அண்ணாச்சி ஒன்று சொன்னார்: "அதுல பம்பு ஒண்ணு இருக்கு. அது போச்சுன்னா வெளியூருக்கு அனுப்பி, திரும்பி வார வரைக்கும் மிஷின் சும்மா கெடக்கும். காத்துக் கூலர்ல கெடக்கூடிய சாமான் ஃபேன் மட்டும்தான். அதை இங்கனயே மாத்திக்கிடலாம். பெறகு நம்ம ஊருப் புழுதிய நெனச்சுப் பாருங்க."

புழுதியைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் மண் மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் வெடிக்கும். காற்றடித்தால் மாவாகி வீட்டுக்குள் வந்துவிடும். காலையில் துடைத்த டிவி மேல் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

"கொழாயில ஓடுத தண்ணிய எது குளுர வைக்கும்? ரூம்புல இருக்க காத்துதானட்டி?" என்றேன், ஸ்கூட்டியின் பின்னால் இருந்து. "நம்ம ரூம்பு காத்தே வெந்நியா கெடக்கு."

அவள் வேகத்தைக் கூட்டினாள். ரயில்வே கேட்டில் நின்றபோது திரும்பி, "சரி. ஆனா இருக்கதுலயே பெரிய காத்துக் கூலரா வாங்கணும்" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பக்கத்தில் பைக்கில் இருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு கேட்டைப் பார்த்தார்.

சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. கூலர் பெட்டியைத் திறந்தால் உள்ளே அடுக்கடுக்காகத் தகடு வைத்த ஓர் அலுமினியக் கோபுரம், அம்மிக் குழவி கனம். ஹாலுக்குள் வந்த அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னலோரம் ஒரு மூலையையே காலி செய்து துடைத்து வைத்திருந்தாள்.

"ஏர் கூலர் எங்கட்டி?"

"இதாம்மா."

"இது எப்படி வீடு பூரா வீசும்?"

"வீட்டுக்கு இல்லம்மா. கம்ப்யூட்டருக்கு."

அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மனுசரு வேவுதோம். பொட்டிக்குக் காத்தா?" என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது முக்கியமான சேதியைச் சொன்னாள். "நாளைக்குச் சாயந்தரம் எப்போதும்வென்றான் ஊர்ல இருந்து பொண்ணு பாக்க வாராவ. இந்தக் கடைய எடுத்து வச்சிருங்க."

நாத்தனார் ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டே, "வரட்டும். அதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றாள்.

அன்று சனிக்கிழமை. புழுதிக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தினோம். நெற்றி வேர்வை போர்டில் விழாமல் இருக்க ஆளுக்கு ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டோம். ரேமைச் சொருகுவது என் வேலை. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரில் இருந்து இரண்டாவது இடத்திலும் நாலாவது இடத்திலும் போட வேண்டும். அமுக்கினால் போகவில்லை. இன்னும் அமுக்கினால் உடைந்துவிடுமோ என்று பயம்.

"அமுக்குங்க மதினி, பயப்படாதீங்க."

"ஒடஞ்சிட்டா?"

"ஒடயாதாம். வீடியோல எல்லாரும் ஒடஞ்சிரும்னு நெனச்சுத்தான் அமுக்குதாங்க."

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். டக் என்றது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிராசஸர் தலையில் பட்டாணி அளவு சாம்பல் நிறப் பசையை வைத்து, கூலர் கோபுரத்தை அதன் மேல் அமர்த்தி ஸ்க்ரூவை முடுக்கினோம். கோபுரத்தின் முகப்பில் ஃபேனை மாட்டும்போதுதான் அது இறங்கவில்லை. கூலர் உயரம் கேபினட் என்கிற வெளிப்பெட்டிக்குப் பொருந்துமா என்று பார்த்திருந்தோம். கூலருக்கு அடியில் ரேமின் சேவல் கொண்டைக்கு இடம் இருக்குமா என்று பார்க்கவில்லை. கொண்டை போய் ஃபேனின் வயிற்றில் முட்டியது. நாத்தனார் ஃபேனை இரண்டு விரல் உயரம் மேலே தூக்கி மாட்டினாள். சரியாக நின்றது. பிறகு கேபினட்டின் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். ஃபேன் இடித்து, கதவு திறந்தே நின்றது.

"கதவு கெடக்கட்டும். மொதல்ல ஓடட்டும்" என்றேன்.

சுவிட்சைப் போட்டாள். ஃபேன்கள் சுற்றின. கொண்டைகள் எரிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நாங்கள் பார்த்தோம். திரையும் எங்களைப் பார்த்தது. "போச்சு. நான்தான் அமுக்கி ஒடச்சிட்டேன்" என்றேன். நாத்தனாரின் மூக்கு நுனி சிவந்துவிட்டது. திடீரென்று நினைவு வந்தவளாக, "மதினி, புது ரேமு மொத வாட்டி போடும்போது போர்டு அதோட பழக நேரம் எடுக்குமாம். அணைக்கக் கூடாதாம்" என்றாள். "புது மருமக மாதிரியா?" என்றேன். அவ்வளவுதான், சிரிப்பு பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் வெளிச்சம் வந்தது.

ஆனால் வெளிச்சத்தோடு ஓர் எண்ணும் வந்தது. பிராசஸரின் சூடு. எழுபது, எண்பது, எண்பத்தெட்டு என்று நாங்கள் பார்க்கப் பார்க்க ஏறியது. அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார்.

"அது என்ன நம்பரு?"

"சூடுப்பா" என்றாள் நாத்தனார், பொய் சொல்லத் தெரியாதவள். "தொண்ணூத்தஞ்சு."

"அணை! கரண்டை அணை!" என்று கத்தியபடி மாமா மெயின் சுவிட்சுக்கே ஓடிவிட்டார். வீடே அணைந்தது. அடுக்களையில் மிக்ஸி நின்றது. "யாரு அது?" என்று அத்தை கத்தினாள்.

கூலரைக் கழற்றிக் கவிழ்த்தோம். அதன் அடியில், பிராசஸரைத் தொட வேண்டிய இடத்தில், கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அதில் ஆங்கிலத்தில், 'மாட்டும் முன் உரிக்கவும்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நானும் படித்தவள், அவள் இன்ஜினியரிங் படித்தவள். இரண்டு பேரும் அந்தத் தாளைச் சேர்ந்து பிடித்து உரித்தோம். மறுபடி பசை வைத்து மாட்டியதும் சூடு அறுபதைத் தாண்டவில்லை. மாமா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் காவல் காத்துவிட்டுத்தான் எழுந்து போனார்.

கதவுதான் மூடவில்லை. கொண்டை இல்லாத குட்டை ரேம் மாற்றிக்கொள்ளலாம் என்று போனில் அண்ணாச்சி சொன்னார். லைட் எரியாது என்று கேட்டதும் நாத்தனார் முகம் வாடிவிட்டது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எப்போதும்வென்றான்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன், அவன் அப்பா, அம்மா. பையனுக்குத் தூத்துக்குடியில் வேலை. ஊரில் பருத்தியும் கம்பும் போடுகிற காடு. நெட் வயர் அதுவரைக்கும்தான் எட்டும் என்பதால் கம்ப்யூட்டரை ஹாலில் இருந்து நகர்த்த முடியவில்லை. திறந்து கிடக்கும் வயிற்றைப் பார்த்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அத்தை தன் பழைய பட்டுச்சேலை ஒன்றை அதன் மேல் போர்த்திவிட்டாள். உள்ளே அந்தப் பந்தய விளையாட்டு நெட்டில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது அத்தைக்குத் தெரியாது. சேலை போர்த்தியது எங்களுக்குத் தெரியாது. நான் அடுக்களையில் நாத்தனாருக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் காபித் தட்டோடு ஹாலுக்குள் நுழைந்தாள். நான் பின்னால் கேசரியோடு போனேன். எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்போது மூலையில் இருந்த பட்டுச்சேலை உர்ரென்றது. முதலில் மெதுவாக. பிறகு மிக்ஸியில் மிளகாய் வற்றல் போட்ட மாதிரி.

பையனின் அம்மா காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். "உள்ள யாரு இருக்கா?"

நாத்தனார் தட்டைப் பையனின் அப்பா கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். சேலையை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே இருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. ரேம் கொண்டைகள் சிவப்பு, ஊதா, பச்சை என்று ஜோராக எரிந்துகொண்டிருந்தன. பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, கையில் இன்னொரு பட்டுச்சேலையோடு அவள் நின்றாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கேசரித் தட்டு ஆடியது.

பையன் எழுந்து வந்தான். பெட்டிக்கு முன்னால் குந்தினான். "ஏர் கூலரா?" என்றான்.

"ம்."

"நல்லது. தண்ணி வேண்டாம். கதவு ஏன் தொறந்து கெடக்கு?"

"ரேமு உசரம். ஃபேனைத் தூக்கி மாட்டியிருக்கு."

"அந்த ஃபேனைக் கழட்டிக் கூலருக்குப் பின்பக்கம் மாட்டினா என்ன? முன்னால இருந்து தள்ளுததுக்குப் பதிலா பின்னால இருந்து இழுக்கும்."

நாத்தனாரும் குந்தினாள். "மாட்ட முடியாது. பின்னாடி கேபினட் ஃபேன் இருக்கு. இடிக்கும்."

அவன் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தான். "ஆமா, இடிக்கும்" என்றான்.

இரண்டு பேரும் பெட்டியை மேலும் கீழுமாகப் பார்த்தார்கள். நாத்தனார்தான் சொன்னாள்: "கேபினட் ஃபேனை எடுத்து மேல மாட்டிட்டா? மேல ஓட்டை இருக்கு."

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்றான் பையன்.

"மதினீ!" என்று அவள் கத்தினாள், ஹாலில் வேறு யாருமே இல்லாத மாதிரி.

"பொண்ணுகிட்ட தனியாப் பேசணும்னு கேட்டுருவானோன்னு பயந்துகிட்டே வந்தேன். இவன் ஸ்க்ரூ டிரைவர் கேக்கான்" என்றார் பையனின் அம்மா. நான் கேசரியை அவர் மடியிலேயே வைக்காத குறையாகக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வரும்போது பையன் பெட்டிக்குள் கையை விடப் போனான். மாமா எழுந்தே விட்டார். "கரண்டை அணைச்சிட்டுக் கைய வைங்க மாப்ள!"

இன்னும் யாரும் யாரையும் பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. மாமாவுக்குத் தான் சொன்ன வார்த்தை தன் காதில் விழுந்ததும் முகம் கறுத்துப்போனது. காபித் தட்டை இன்னும் கையிலேயே வைத்திருந்த பையனின் அப்பா முதலில் சிரித்தார். அடுத்து அத்தை. அப்புறம் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று தெரியவில்லை. குனிந்திருந்த நாத்தனாரின் முதுகு மட்டும் குலுங்கியது.

ஃபேனைப் பின்னால் மாற்றினார்கள். அவன் பிடித்துக்கொள்ள, அவள் முடுக்கினாள். நான் போனில் டார்ச் அடித்தேன். கண்ணாடிக் கதவு மெத்தென்று போய்ச் சாத்திக்கொண்டது. சூடு இரண்டு மூன்று டிகிரி கூடியிருந்தது, அவ்வளவுதான். கரண்டைப் போட்டதும் விளையாட்டில் மிச்சம் இருந்ததும் இறங்கி முடிந்தது. ஆளுக்கு ஒரு கண்ட்ரோலர் எடுத்தார்கள். ஃபேனைப் பற்றி அவ்வளவு தெரிந்த பையனுக்குக் கார் ஓட்டவே தெரியவில்லை. முதல் வளைவில் மரத்தில் ஏறினான். இரண்டாவது வளைவில் கடலுக்குள் போனான். நாத்தனார் மூன்று பந்தயத்திலும் ஜெயித்தாள். அவன் அப்பா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "எப்போதும்வென்றானில பொறந்துட்டு இப்படித் தோக்கியே" என்றார்.

அவர்கள் போன பிறகு அத்தை தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "இதோட அவிய இந்தப் பக்கமே வரமாட்டாவ." நாத்தனார் தன் அறையில் பூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் போய், "என்னட்டி, பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"நான் இடிக்கும்னு சொன்னேம்லா மதினி. அவன் எதிர்த்துப் பேசல. உள்ள பாத்துட்டு, 'ஆமா, இடிக்கும்'னான்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் எதுவுமே சொல்லவில்லை. தலையைக் குனிந்து தரையில் இருந்த கோலத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் முதல் நாளே ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு, குனிந்து பார்த்து, ஆமாம் என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பொறாமை என்று சொல்ல முடியாது. வெயிலில் இருந்து நிழலுக்குள் காலை வைத்த மாதிரி ஒரு சுகம், அது அவளுக்குக் கிடைத்தது என்பதில்.

மறுநாள் காலையிலேயே அங்கிருந்து போன் வந்துவிட்டது, சம்மதம் என்று. நாத்தனார் மட்டும் அவசரப்படவில்லை. பேசிப் பார்க்கிறேன் என்றாள். வைகாசி போய், ஆனி போய், ஆடியும் போயிற்று. சாயந்திரமானால் போனில் பேச்சு, சிரிப்பு, நடுவில் சண்டை. ரேமின் வேகத்தை முழுசாக ஓட விடலாமா, கொஞ்சம் குறைத்து வைக்கலாமா என்றுகூட ஒருநாள் சண்டை போட்டார்கள். ஆவணியில் அவளே வந்து, "சரின்னு சொல்லிருங்க மதினி" என்றாள். மாமாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

கல்யாணத்துக்குப் பிறகு கம்ப்யூட்டரை அவள் கொண்டுபோகவில்லை. தூத்துக்குடி வீட்டில் அவனுக்கென்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவள் போய்ச் சேர்ந்ததும் அதையும் பிரித்துப் பூட்டினாள். உப்புக் காற்றுக்கு ஏற்ற மாதிரி என்றாள். எனக்கு அதன் நியாயம் தெரியாது. அவளுக்குக் கை அரித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயந்திரம், ஆபீஸில் இருந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் இங்கே உட்காருவேன். அவள் அங்கே உட்காருவாள். போன வாரம் பந்தயம் சரியான கட்டத்தில் இருந்தது. அவள் முன்னால், நான் அவள் பின்னாலேயே. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தலையில் இருந்த ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். மைக்கைக் கரண்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, இன்னைக்கு என்ன கொழம்பு வச்ச?" என்றாள்.

அங்கே அவள் என்ன சொன்னாளோ, திரையில் அவளுடைய கார் நேராக மலையில் இருந்து கீழே போனது. நான் அவளைத் தாண்டினேன்.

"புளிக்கொழம்பாம்" என்றாள் அத்தை என்னிடம், ஹெட்போனைக் கழற்றாமலே.